வடக்குச் சுவரில் ஒரு சின்னக் கதவு

ஜனவரி 11, சனி

ஷிப்ட் முடிந்து வந்து காலை நீட்டலாம் என்று இருந்தேன். போதகர் ஆள் அனுப்பிவிட்டார். சர்ச்சுக்கு இருநூறு வருஷம் ஆகிறதாம். இனிமேல் சனிக்கிழமை தோறும் வெளியாட்கள் வந்து கட்டடத்தைப் பார்ப்பார்களாம். சுற்றிக் காட்ட ஓர் ஆள் வேண்டுமாம். "உங்க குரல் நல்லா இருக்கும்மா. நீங்களே சொல்லிடுங்க."

குரல் நன்றாக இருந்தால் சரித்திரம் தெரியும் என்று இவருக்கு யார் சொன்னது? நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பவள். வராத வண்டியை இதோ வருகிறது என்று சொல்லி, தாமதத்துக்கு வருந்துகிறோம் என்றும் சொல்லி, ஒரு நாளும் வருந்தாமலே சம்பளம் வாங்குகிறவள். அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் கூப்பிட்டாரோ என்னவோ. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சரி என்று வந்தது.

வெள்ளைக்காரர்கள் கட்டியது. வரைபடத்தை அவர்கள் ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்திருக்கிறார்கள். இங்கே அடிக்கும் வெயிலைப் பற்றி வரைந்தவனுக்கு யாரும் சொல்லவில்லை. பனி வழிந்து விழுவதற்கென்று கூரை செங்குத்தாக இறங்குகிறது. இருநூறு வருஷமாகப் பனிக்குக் காத்திருக்கிறது, பாவம். வாசல் தூண்கள் ஒவ்வொன்றும் யானை முதுகு சொறிய ஏற்ற பருமன். உள்ளே சுவர் முழுக்கப் பளிங்குப் பலகைகள். காய்ச்சலில் செத்த கேப்டன், காய்ச்சலில் செத்த கேப்டனின் மனைவி, குதிரையிலிருந்து விழுந்த லெப்டினன்ட். அத்தனை பேரும் உத்தமர்கள். அத்தனை பேருக்காகவும் உள்ளூர்ச் சனங்கள் தேம்பித் தேம்பி அழுததாக எழுதியிருக்கிறது. அந்தச் சனங்களை உள்ளே எங்கே உட்கார வைத்தார்கள் என்று மட்டும் எந்தப் பலகையிலும் இல்லை. சுவரில் இடம் போதாமல் தரையிலும் கல்லறைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். நடுப்பாதையில் பீடத்துக்குப் போகிற எவரும் கேப்டன்களை மிதித்துக்கொண்டுதான் போகவேண்டும்.

இன்றைக்கே முதல் கூட்டம் வந்துவிட்டது. அதில் ஒருவர் சுவரில் உயரத்தில் இருந்த ஓட்டைகளைக் காட்டிக் கேட்டார். அது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரியும். மேலே பெரிய துணி விசிறி தொங்கும். கயிறு அந்த ஓட்டை வழியாக வெளியே போகும். வெளியே வெயிலில் ஓர் ஆள் உட்கார்ந்து ஆராதனை முடியும்வரை இழுப்பான். உள்ளே தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் நடக்கும். சொன்னேன். எல்லாரும் "அப்படியா" என்று ஓட்டையைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 18, சனி

இன்று சுற்றிப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது, கழிப்பறை எங்கே.

ஜனவரி 25, சனி

இரவு முழுக்க வேலை. காலையில் கண்ணெரிச்சல். சாயங்காலம் மறுபடி சர்ச். வந்த கூட்டத்தில் வீடியோ எடுக்கிற பெண் ஒருத்தி. அவளுக்குப் பின்னாலேயே ஜூபிலிக் கமிட்டிச் செயலாளர். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'மைக்'. ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தால் திருப்பித் தரமாட்டார், பிடுங்கத்தான் வேண்டும். கேமராவைப் பார்த்ததும் தலையைச் சீவிக்கொண்டு கூடவே நடந்தார்.

வடக்குச் சுவரில், பீடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கதவு இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அதன் முன்னால் பாட்டுப் புத்தக அலமாரி நின்றது. ஜூபிலிக்குச் சாயம் பூச அலமாரியை நகர்த்தியபோதுதான் கதவே வெளியே வந்தது. "இது எதுக்கு மேடம், இவ்வளவு சின்னதா?" என்றாள் வீடியோக்காரி.

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலே எழுத்துதான். ஆனால் வாயில் சனி உட்கார்ந்துவிட்டது.

"அதுவா? மறுமணக் கதவு" என்றேன். அந்தக் காலத்தில் அதிகாரிகள் காய்ச்சலில் பொசுக்கென்று போய்விடுவார்கள். விதவைகள் கண்ணீர் காய்வதற்குள் அடுத்த அதிகாரியைக் கட்டிக்கொள்வார்கள். நடுப்பாதையில் வந்தால் முதல் புருஷனின் கல்லறையை மிதிக்கவேண்டி வரும் அல்லவா? அதனால் இரண்டாம் கல்யாணத்துப் பெண்கள் மட்டும் இந்தச் சின்னக் கதவு வழியாக வருவார்கள். அறிவிப்புக் குரலிலேயே சொன்னேன். அடுத்து வரும் வண்டி மூன்றாவது நடைமேடையில், என்பது மாதிரி.

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருத்தர் சிரிக்கவில்லை. வீடியோக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. மைக், "ஆமாமா, கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். எங்கே ஐயா கேள்விப்பட்டீர்கள்? எனக்கே அரை நிமிஷம் முன்புதானே தெரியும்!

வீட்டுக்கு வந்து நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வீடியோவை ஊரே பார்த்திருக்கிறது. ஆராதனை முடிந்ததும் கதவின் முன்னால் வரிசை நிற்கிறது. கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒரு மாமி கண்ணை மூடிக்கொண்டு ஜெபமே செய்தாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜூபிலி மலரில் பக்கம் முழுக்க என் பொய். கீழே 'ஆய்வு: செயலாளர்' என்று மைக்கின் புகைப்படம். என் பொய்யையும் திருடிவிட்டான் மனுஷன். கதவின் மேல் பலகையும் அடித்தாகிவிட்டது, நீலத்தில் பொன் எழுத்து. மறுமணக் கதவு.

போதகரிடம் விளையாட்டாக, "ஐயா, அதெல்லாம் சும்மா சொன்னது" என்றேன். "ஜெபிப்போம்மா" என்றார். இவர் எதற்கும் இதையே சொல்வார். என்னைக் கேட்காதே என்று அதற்கு அர்த்தம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நல்ல செய்தி. எழுதும்போதே கை குதிக்கிறது. தங்கச்சி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள்!

முதல் கல்யாணம் பற்றி இங்கே எழுதப் பிடிக்கவில்லை. அப்பா அவனைப் பார்த்த அன்றே வேண்டாம் என்றார். இவள் கேட்கவில்லை. அப்பா கோபத்தில் கல்யாணத்துக்கே போகவில்லை. சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அப்பா சொன்னது சரிதான் என்று தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. கோர்ட்டு, தீர்ப்பு, எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தும் எட்டு வருஷம் ஓடிவிட்டது. கண்ணாடிக் கடையில் ஊர்ப் பார்வையெல்லாம் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கடைக் கட்டடத்தில் லிப்ட் பழுது பார்க்க வந்த மெக்கானிக்தான் மாப்பிள்ளை. லிப்ட் அடிக்கடி பழுதானது தற்செயல் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இந்தத் தடவை நான்தான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்." போன வருஷம் வாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது கால் இழுக்கிறது. கோலை ஊன்றி வாசல்வரை போய் வருவதே பெரிய காரியம். தங்கச்சி சமையலறைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. எனக்கும் அழுகை வந்தது. குழாய் ஒன்றுதான் இருக்கிறது, என்ன செய்ய.

மார்ச் 3

அப்பா நடைப் பயிற்சி ஆரம்பித்துவிட்டார். பயிற்சி கொடுக்க வரும் பெண் 'மெதுவா, மெதுவா' என்கிறாள். பஸ் ஓட்டிய மனுஷருக்கு மெதுவா என்ற சொல்லே பழக்கமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கல்யாணத் தேதி கேட்கப் போனோம், நானும் தங்கச்சியும். ஜூன் ஏழு என்று போதகர் எழுதிக்கொண்டார். பக்கத்தில் மைக். தொண்டையைச் செருமினார்.

"தேதி சரிதான். ஆனா நம்ம சபைக்குன்னு ஒரு மரபு இருக்கு பாருங்க."

"என்ன மரபு?" என்றாள் தங்கச்சி.

"தங்கச்சிக்கு இது ரெண்டாவது இல்லையா? நடுப்பாதை கூடாதும்மா. அந்தச் சின்னக் கதவு. ரொம்ப கௌரவமான விஷயம். மலர்ல கூட வந்திருக்கு."

என் தங்கச்சிக்கு முன் நடுப்பாதையை அடைத்துக்கொண்டு நிற்பது எந்தக் கேப்டனும் இல்லை. நான். என் வாய். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கத்த, கெடுவது கூடப் பிறந்தவள்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "அப்பா எதுக்கு அவ்வளவு பிராக்டீஸ் பண்றாரு அக்கா? அந்தக் கதவுலேருந்து பீடம் நாலடி கூட இல்ல."

மார்ச் 12, புதன்

கமிட்டிக் கூட்டத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தக் கதை நான் கட்டிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் உளறியது. எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்தக் கல்லிலும் இல்லை, பலகையைக் கழற்றிவிடுங்கள் என்று.

மைக் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தங்கச்சி பாசம். எனக்குப் புரியுது. அதுக்காக இருநூறு வருஷ மரபையே பொய்னு சொல்லலாமா?"

"இருநூறு வருஷம் இல்லைங்க. ரெண்டு மாசம் கூட ஆகலை. ஜனவரி இருபத்தஞ்சு சாயங்காலம் பிறந்தது."

"நீங்க சொல்லித்தான் எங்களுக்குத் தெரிஞ்சது, ஒத்துக்கறேன். அதுக்காக நீங்க சொன்னதுனால உண்டானதுன்னு ஆயிடுமா?"

அதற்குள் ஆர்கன் வாசிக்கும் அம்மா கையைத் தூக்கினார். "எங்க பெரியத்தை ரெண்டாம் கல்யாணத்துக்கு அந்தக் கதவு வழியாத்தான் வந்தாங்க. நான் சின்னப் பொண்ணு. ஈரக் குடையை என் கையில குடுத்துட்டு உள்ள போனாங்க. இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது." குடை வேறு! அலமாரியைத் துளைத்துக்கொண்டா வந்தார் உங்கள் பெரியத்தை என்று கேட்க வாய் துடித்தது. ஆனால் அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் வந்துவிட்டது.

போதகரைப் பார்த்தேன். ஜெபிப்போம் என்றார்.

வாழ்நாள் முழுக்கப் பொய்யான நேரங்களை வாசித்திருக்கிறேன், ஊரே நம்பி நடைமேடையில் நின்றிருக்கிறது. ஒரே ஒரு நாள் உண்மையை வாசித்தேன், ஒருத்தரும் நம்பவில்லை.

மார்ச் 15

தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள், நல்லவேளை. "முதல் கல்யாணத்துக்கே வழி பார்க்காதவ நீ. ரெண்டாங் கல்யாணத்துக்கு உன்னை யாரு கதவு வைக்கச் சொன்னது? நீயே கட்டின, நீயே இடி."

இடிக்கிறேன் பார்.

மார்ச் 22, சனி

இடித்துவிட்டேன். உண்மையால் முடியாததை இன்னொரு பொய்யால்.

வீடியோக்காரி மறுபடி வந்தாள். மைக்கும் ஆஜர். சின்னக் கதவின் முன்னால் நின்று குரலைத் தாழ்த்தினேன். "ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. இது எல்லா விதவைக்கும் இல்லை. கவர்னர் குடும்பத்துப் பெண்களுக்கு மட்டும்தான். சாதாரண வீட்டுப் பெண்ணுன்னா, எத்தனையாவது கல்யாணமா இருந்தாலும் நடுப்பாதைதான். கூட்டத்தோட கூட்டமா. பெரிய மனுஷங்க மட்டும் இந்தக் கதவு வழியா நேரா பீடத்துக்கு."

பெரிய மனுஷங்க என்ற இடத்தில் மைக்கின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. கதவை மேலும் கீழும் பார்த்தார். தன் உயரத்துக்குச் சரியாக இருக்குமா என்று அளந்திருப்பார்.

இரண்டு பொய்யும் ஒன்றோடொன்று முட்டுகிறதே, யாராவது கேட்பார்களோ என்று பயந்தேன். ம்ஹும். கதைக்குக் காலும் இல்லை கையும் இல்லை, ஆனாலும் என்ன ஓட்டம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மைக்கும் அவர் மனைவியும் இன்று சின்னக் கதவு வழியாக ஆராதனைக்கு வந்தார்கள். நிலையில் மைக்கின் தலை இடித்தது. அந்தத் தடவலையும் ஒரு கம்பீரமாகவே செய்தார். அடுத்து பொருளாளர், அவர் மச்சான். ஆர்கன் அம்மாவும் தன் பெரியத்தை நினைவாக.

மைக் எங்களிடம் வந்து, "தங்கச்சி நடுப்பாதையிலயே வரட்டும். ஆராய்ஞ்சு பார்த்ததுல தெளிவாயிடுச்சு" என்றார். சாதாரண வீட்டுப் பெண்கள் என்று சொல்லாமல் சொன்னார். சொல்லிக்கொள்ளட்டும். எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது.

தங்கச்சிக்கு எப்படி நடந்தது என்று தெரியாது. மனம் மாறிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். என் பெருமையைச் சொல்ல நாக்கு அரித்தது, அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பலகை மாறிவிட்டது. 'சிறப்பு விருந்தினர் வாசல்'. புதுப் பூட்டு. சாவி மைக்கின் இடுப்பில்.

மே 11, ஞாயிறு

அப்பா விழுந்துவிட்டார். குளியலறை வாசலில். எலும்பு முறியவில்லை, ஆண்டவர் புண்ணியம். ஆனால் கால் பழையபடி இழுக்க ஆரம்பித்துவிட்டது. பயிற்சிப் பெண் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். ஓர் அறையின் நீளம் நடக்கலாம், அதற்குமேல் உட்கார்ந்தே ஆகவேண்டும். சர்ச்சு நீளமெல்லாம் ஒரே மூச்சில் இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்.

சக்கர நாற்காலி என்று நான் வாயெடுத்தேன். அப்பா கட்டிலிலிருந்தே கத்தினார். "உருட்டிக்கிட்டு வந்தா நான் அவளைக் கூட்டிட்டு வந்ததா, அவ என்னைக் கூட்டிட்டு வந்ததா?"

மே 14, புதன்

ராத்திரிச் சாப்பாட்டின்போது தங்கச்சி சொன்னாள். "நான் யோசிச்சுட்டேன் அக்கா. அந்தச் சின்னக் கதவு வழியாவே வந்துடறோம். நாலு அடிதானே. அப்பாவால முடியும். மரபோ மண்ணாங்கட்டியோ, எனக்கு அவர் கையைப் புடிச்சுக்கிட்டு வரணும். அவ்வளவுதான்."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மே 15, வியாழன்

வேலைக்கு லீவு போட்டுவிட்டு மைக்கைப் பார்க்கப் போனேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள், அப்பாவால் நடக்க முடியாது என்று கெஞ்சினேன். நான் ஒருத்தரிடமும் கெஞ்சியதில்லை.

சாவியை உருட்டிக்கொண்டே சொன்னார். "மனசு கேக்கத்தான் செய்யுது. ஆனா ஒருத்தருக்குத் திறந்தா எல்லாரும் வருவாங்க. சாதாரண வீட்டுப் பெண்களுக்கு நடுப்பாதைன்னு நீங்களே சொன்னீங்களே, வீடியோவுலயே இருக்கு. அன்னைக்கு நம்ம சபை விழாவுக்கு வர்ற என் ஆபீஸ் மேலதிகாரிகள் வேற கல்யாணத்துக்கு நிப்பாங்க. அவங்களை அந்த வழியாத்தான் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டேன்."

அதுவும் பொய்தான் என்றேன். சிரித்தார். "நீங்க எதைத்தான் பொய் இல்லைன்னு சொல்வீங்க?"

போதகர் வீட்டுக்கும் போனேன். அவர் என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை.

திறந்திருந்த கதவை மூடியவள் நானே. அடைத்திருந்த பாதையைத் திறந்தவளும் நானே. இப்போது வேண்டியது மூடியிருக்கிறது, வேண்டாதது திறந்திருக்கிறது. காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்வி. நான் ஓசியில் வைத்துக்கொண்டேன்.

தங்கச்சியிடம் சொல்லித்தானே ஆகவேண்டும். சொன்னேன். மார்ச் இருபத்திரண்டு, கவர்னர், பெரிய மனுஷங்க, எல்லாம். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"உனக்கு எல்லாமே கிண்டல், இல்ல? ஊரைக் கிண்டல் பண்ணு, கமிட்டியைக் கிண்டல் பண்ணு, செத்தவனையும் விடாதே. என் கல்யாணம் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

"ஐயோ, உனக்காகத்தானேடி செஞ்சேன். எனக்கு வருத்தமா..."

"வருந்துகிறோம்னு சொல்லாதே. தினமும் கேக்கறேன் ஸ்டேஷன்ல."

கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு நிஜமாகவே வருத்தம். அதைச் சொல்ல என்னிடம் வேறு குரல் இல்லையே. என்ன செய்வேன்?

மே 19

பேசவில்லை.

மே 25, ஞாயிறு

பேசவில்லை. என் புடவைகளைக் கூடத் தேய்த்து மடித்து வைத்திருக்கிறாள். பேசத்தான் இல்லை. திட்டினால் கூடத் தேவலை.

மாப்பிள்ளை வந்தார். விஷயம் தெரியும் போல. "பூட்டுதானே அக்கா? நான் ரெண்டு நிமிஷத்துல கழட்டிடுவேன்" என்றார். தங்கச்சி உள்ளேயிருந்தே, "கல்யாணத்தன்னைக்குத் திருடன்னு பேர் வாங்க வேணாம்" என்றாள். நல்ல பையன். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

அப்பா கூப்பிட்டார். "நாளைக்கு நீ ஒரு வேலை செய்யணும். வாயைத் திறக்காமச் செய்யற வேலை. உன்னால முடியுமா?"

முடியும் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜூன் 7, சனி

கை வலிக்கிறது, எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

பெரிய வாசலில் அப்பா, கறுப்புக் கோட்டில். வலது கையில் கோல். இடது கையைத் தங்கச்சி பிடித்திருந்தாள். அவர்களுக்குப் பின்னால் நான், ஞாயிறு பள்ளிக்கூட அறையிலிருந்து எடுத்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. புதுப் பட்டுப் புடவை, கையில் நாற்காலி. பந்தி போட வந்தவள் மாதிரி இருந்திருப்பேன்.

ஆர்கன் ஆரம்பித்தது. நடந்தார்கள். முதல் கேப்டனின் கல்வரை வந்ததும் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. கோலை லேசாகத் தட்டினார். கேப்டனின் மார்பின்மேல் நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்தார். தங்கச்சி கையை விடாமல் பக்கத்தில் நின்றாள். சர்ச்சு முழுக்கக் குசுகுசுப்பு. யாரோ மயக்கம் என்றார்கள். அப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், எழுந்தார், நடந்தார். நான் நாற்காலியைத் தூக்கினேன்.

மறுபடி ஒரு கல். மறுபடி நாற்காலி. ஆர்கன் அம்மாவுக்குப் பாட்டு தீர்ந்துபோயிற்று. திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த ஒன்றுக்காக அவருடைய பெரியத்தையையும் குடையையும் மன்னித்துவிட்டேன்.

பாதி வழியில், ஓரத்தில் உட்கார்ந்திருந்த போதகரின் மனைவி மெதுவாக, "அண்ணா, ரொம்பச் சிரமமா இருக்கா?" என்றார். அப்பா உட்கார்ந்தபடியே ஊருக்கே கேட்கச் சொன்னார். "என்னம்மா சிரமம்? வாழ்க்கை முழுக்க உக்காந்துகிட்டேதான் எல்லாரையும் கொண்டு போய்ச் சேர்த்தேன்." பஸ் டிரைவர் என்று தெரிந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு தெரியாதவர்களும். அந்தக் குசுகுசுப்பு அதோடு நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சின்னக் கதவு திறந்தது. மைக் தன் மேலதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார், மார்பை நிமிர்த்தி, தலையைக் குனிந்து. ஒருத்தர் கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எல்லாக் கழுத்தும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. வந்த மேலதிகாரியும் எட்டி எட்டி நாற்காலியைத்தான் பார்த்தார்.

முன்னால் மாப்பிள்ளைக்கு நிற்க முடியவில்லை. கைத்தாங்கலாகப் பிடிக்க இரண்டடி வைத்தார். அப்பா கோலைத் தூக்கினார். "அங்கேயே நில்லுங்க மாப்பிள்ளை. வந்துகிட்டுதான் இருக்கேன்."

கடைசித் தடவை போட்டபோது சன்னல் வெயில் நேராக அப்பா முகத்தில் அடித்தது. தங்கச்சி திரும்பாமலே சொன்னாள். "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கமா போடு. வெயில்."

மூன்று வாரத்துக்குப் பிறகு. அக்கா என்று.

இந்தப் பக்கமாகப் போட்டேன். கண் மறைத்தது, நாற்காலிக் கால் சரியாகக் கல்லில் ஊன்றியதா என்று தடவித்தான் பார்த்தேன். அப்பா எழுந்து, மிச்சத்தையும் நடந்து, அவள் கையை மாப்பிள்ளை கையில் வைத்தார். வைத்துவிட்டு உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் மூன்று கைகளும் ஒன்றாக இருந்தன. போதகர் "ஜெபிப்போம்" என்றார். இன்றைக்குத்தான் அது சரியான இடத்தில் வந்தது.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 14, சனி

சுற்றுலாக் கூட்டத்துக்கு இனி வேறு ஆள் பாருங்கள் என்று போதகரிடம் சொல்லிவிட்டேன். ஜெபிக்கலாம் என்றார். நீங்கள் ஜெபியுங்கள், நான் வரமாட்டேன் என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

புதுத் தம்பதி விருந்துக்கு வந்தார்கள். தங்கச்சி சதை போட்டிருக்கிறாள். சமையலறையில் என்னிடம், "நீ நேத்து சாயங்காலம் வாசிச்ச அறிவிப்பு கேட்டேன். நம்பி நாப்பது நிமிஷம் நின்னேன், பாவி" என்று முதுகில் குத்தினாள். நல்ல வலி.

ஆகஸ்ட் 30, சனி

சர்ச்சில் பொருளாளர் மகள் கல்யாணம். அழைப்பு இருந்தது, போயிருந்தேன். அப்பாவுக்கு இன்று பயிற்சி நாள், வரவில்லை.

பெண் பெரிய வாசலில் வந்தாள், நடுப்பாதையில். கூட அவள் அப்பா பொருளாளர். நல்ல திடகாத்திரம், தினமும் பந்து விளையாடுகிற மனுஷர். அவர்களுக்குப் பின்னால் பெண்ணின் அத்தை ஒருத்தி, வெள்ளைச் சாட்டின் துணி சுற்றி, பூ வைத்துக் கட்டிய நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் கேப்டன் கல்மேல் அதைப் போட்டாள். பொருளாளர் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து வேர்க்காத முகத்தைத் துடைத்தார். எழுந்தார். ஆர்கன் முதலிலிருந்து ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த அம்மா என் காதருகே, "இந்தச் சபையில அப்படித்தான் செய்யணும்" என்றார். சத்தியமாக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரிடமும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். இடது காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாவம்" என்றார். "அந்த ஆளுக்கு எந்தக் காலு?"